மூணு பார்த்தேன், ஒண்ணை விட்டுட்டேன்: வீரப்பன் தொடர்களும் வாச்சாத்தி தீர்ப்பும்

போன வாரம் இன்பாக்ஸ்ல வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "த்ரில்லர் மாதிரி விறுவிறுன்னு போகணும், ஆனா நிஜ வரலாறாவும் இருக்கணும். எதைப் பார்க்கலாம்?" ஒரு லிஸ்ட் போட்டுட்டு கிளம்பிடலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுதும்போது ஒரு விஷயம் உறுத்துச்சு. அதைத்தான் இந்த எபிசோட்ல பேசப் போறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் சினிமா விமர்சகர் கிடையாது. ஆபீஸ் முடிஞ்சு வந்து, தட்டுல தோசையை வச்சுக்கிட்டு, "அடுத்த எபிசோட்"னு அதுவா ஓட ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாத ஆள். அந்த அளவுக்குத்தான் என் தகுதி.

இப்ப 2023ஆம் வருஷத்துக்கு வாங்க. மார்ச் 31, வெற்றிமாறனோட 'விடுதலை' முதல் பாகம் தியேட்டர்ல. ஆகஸ்ட் 4, நெட்ஃபிளிக்ஸ்ல 'தி ஹண்ட் ஃபார் வீரப்பன்', நாலு எபிசோட். டிசம்பர் 14, ஜீ5ல 'கூச முனிசாமி வீரப்பன்', ஆறு எபிசோட். மூணையும் பார்த்தேன். மூணைப் பத்தியும் ஆபீஸ் கேண்டீன்ல பெரிய பேச்சாளர் மாதிரி பேசியிருக்கேன்.

அதே வருஷம் நாலாவதா ஒண்ணு வந்தது. செப்டம்பர் 29, சென்னை உயர் நீதிமன்றத்துல வாச்சாத்தி வழக்கோட தீர்ப்பு. அன்னைக்கு அந்தச் செய்தி என் போன் ஸ்கிரீன்ல வந்துச்சு. விரலால மேலே தள்ளிட்டுப் போயிட்டேன். கடைசியில அங்க வர்றேன். முதல்ல நான் பார்த்ததைச் சொல்றேன்.

விசில் அடிச்ச கதை

2025 ஆகஸ்ட்ல 'கேப்டன் பிரபாகரன்' மறுபடியும் ரிலீஸ் ஆச்சு. விஜயகாந்தோட 100வது படம். முதல்ல வந்தது 1991 ஏப்ரல்ல. சந்தனக் கடத்தல்காரன் வீரபத்திரனா மன்சூர் அலிகான், அவனைப் பிடிக்க வர்ற ஐஎஃப்எஸ் அதிகாரியா விஜயகாந்த். அந்த வீரபத்திரன் யாருன்னு அப்பவும் எல்லாருக்கும் தெரியும். நானும் போய் கூட்டத்தோட கூட்டமா விசில் அடிச்சேன். பொய் சொல்ல மாட்டேன், செம ஜாலி.

வீட்டுக்கு வந்து தேதிகளைப் பக்கத்துல வச்சுப் பார்த்தப்பதான் வயித்துல என்னமோ பண்ணுச்சு. படம் வந்த அதே 1991, நவம்பர் 10ஆம் தேதி, நிஜமான ஒரு ஐஎஃப்எஸ் அதிகாரியை வீரப்பன் கொன்னுட்டார். பேரு பி. சீனிவாஸ், கர்நாடக வனத்துறை. 1986ல வீரப்பனைக் கைது பண்ணினவர். வீரப்பன் தப்பிச்சுப் போயிட்டார். அதுக்கப்புறம் சீனிவாஸ் எடுத்த வழி வேற. வீரப்பனோட சொந்த ஊரான கோபிநத்தத்துல போய்த் தங்கினார். ஊர் ஜனங்களுக்கு மருந்து கிடைக்க ஏற்பாடு பண்ணினார், மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். காட்டுல இருக்கிறவங்களைச் சரணடையச் சொல்லிப் பேசிட்டே இருந்தார். வீரப்பன் சரணடையத் தயார்னு தகவல் வந்ததும் ஆயுதம் இல்லாமப் போனார். தலையை வெட்டிட்டாங்க. அப்புறம் கீர்த்தி சக்ரா விருது கொடுத்தாங்க.

சினிமாவுல ஐஎஃப்எஸ் அதிகாரி பறந்து பறந்து அடிச்சு ஜெயிக்கிறார். நிஜத்துல ஐஎஃப்எஸ் அதிகாரி கோயில் கட்டினார், ஆஸ்பத்திரிக்கு வழி பண்ணினார், நம்பிப் போய் செத்துட்டார். முதலாவது ஆளோட பஞ்ச் டயலாக் எனக்கு மனப்பாடம். ரெண்டாவது ஆளோட பேரு எனக்கு 2023 வரைக்கும் தெரியாது.

ரெண்டு தொடர், ரெண்டு பக்கம்

'தி ஹண்ட் ஃபார் வீரப்பன்' நல்லா எடுத்த தொடர். செல்வமணி செல்வராஜ் இயக்கம். முத்துலட்சுமி பேசறாங்க, அதிரடிப்படை அதிகாரிங்க பேசறாங்க, கூட இருந்தவங்க பேசறாங்க. காட்டைக் காட்டுற விதமே நம்மளை இழுத்துக்கும். ஆனா பேருலயே பதில் இருக்கு: வேட்டை. வேட்டைன்னு பேரு வச்சுட்டா கேள்வி ஒண்ணுதான், "எப்படிப் பிடிச்சாங்க?" 1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடி, 22 பேர் சாவு. 2000 ஜூலை 30 நடிகர் ராஜ்குமார் கடத்தல், 108 நாள். 2004 அக்டோபர் 18 ராத்திரி, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம், ஆம்புலன்ஸ், துப்பாக்கிச் சூடு, முடிஞ்சது. ஒவ்வொண்ணும் அடுத்ததுக்கு ஒரு படிக்கட்டு.

படிக்கட்டுல ஏறும்போது ஓரத்துல இருக்கிறவங்களை யாரும் கவனிக்கிறதில்லை. ராஜ்குமார் கடத்தின சமயம் என் பெரியம்மா குடும்பம் பெங்களூர்ல இருந்தது. வீட்டுக்கு வெளிய தமிழ்ல பேசாதேன்னு பசங்களுக்குச் சொல்லி வச்சிருந்தாங்களாம். 108 நாளும் பெரியம்மாவுக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. த்ரில்லருக்கு அது தேவைப்படாத காட்சி. பாலாறு வெடிப்பையே எடுத்துக்கோங்க. அந்த வழக்குல நாலு பேருக்கு 2001ல ஆயுள் தண்டனை, 2004ல உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கு தண்டனையா உயர்த்தினது, கருணை மனு முடிவாகாமக் கிடந்த தாமதத்துக்காக 2014 ஜனவரியில அதே நீதிமன்றம் திரும்ப ஆயுளாக் குறைச்சது. வெடிச்சது ஒரு நிமிஷம், வழக்கு 21 வருஷம். கேமராவுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் ருசி.

'கூச முனிசாமி வீரப்பன்' வேற ரகம். நக்கீரன் ஆளுங்க 1990கள்ல காட்டுக்குள்ள போய் எடுத்த வீடியோதான் அதோட உயிர். இயக்கம் சரத் ஜோதி. வீரப்பன் தானே உட்கார்ந்து தன் கதையைச் சொல்றார். சிரிக்கிறார், நடிச்சுக் காட்டுறார், கோபப்படறார். என்ன ஒரு கதைசொல்லி தெரியுமா! இங்கதான் என்னை நானே கையும் களவுமாப் பிடிச்சேன். முதல் எபிசோட் பார்க்கும்போது "அவன்"னு சொல்லிட்டிருந்தேன். ஆறாவது முடியறதுக்குள்ள என் வாய்ல "அவர்" வந்துருச்சு. இந்த எபிசோட்லயும் "கொன்னுட்டார்"னுதான் சொன்னேன், கவனிச்சீங்களா? ஒருத்தர் ஆறு எபிசோட் நம்ம எதிர்ல உட்கார்ந்து பேசினா மரியாதை தானா வந்துடும். சீனிவாஸுக்கு அந்த மாதிரி ஒரு டேப் கிடையாது. அவர் பக்கத்துக் கதையை அவர் சொல்லவே முடியாது.

நியாயமாச் சொல்லணும்னா, ரெண்டு தொடருமே அதிரடிப்படை ஊர் ஜனங்களைப் பண்ணின சித்திரவதையைத் தொடுது. ரெண்டாவது அதுக்கு அதிக நேரமும் தருது. மாதேஸ்வரன் மலை முகாம்ல விசாரணை நடந்த இடத்துக்கு 'ஒர்க்‌ஷாப்'னு பேரு. மின்சாரம் பாய்ச்சினது, மாசக்கணக்குல அடைச்சு வச்சது, பெண்களுக்கு நடந்தது எல்லாம் சாட்சியமா இருக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில குழு போட்டு விசாரிச்சுது. 2007ல 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த ஜனங்க வீரப்பனுக்கு அரிசி கொடுத்தா போலீஸ் அடிச்சது, போலீஸுக்குத் தகவல் கொடுத்தா வீரப்பன் கொன்னார். இதை அந்தப் பக்கத்துச் சோளகர் மக்கள் வாழ்க்கையில இருந்து ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி'ன்னு நாவலா எழுதியிருக்கார். படிக்காதவங்க படிங்க.

ஓடுற கடிகாரம்

'விடுதலை' கற்பனைக் கதை. ஜெயமோகனோட 'துணைவன்' சிறுகதையை வச்சு எடுத்தது. ஆரம்பத்துல வர்ற ரயில் விபத்துக் காட்சியில நான் சீட்டோட நுனிக்கு வந்துட்டேன். சூரி அவ்வளவு நல்லா நடிப்பார்னு நான் நினைக்கவே இல்லை. ஆனா கிளைமாக்ஸைப் பத்தி என் கருத்து மாறிடுச்சு.

ஞாபகம் இருக்கா? முகாம்ல ஊர்ப் பெண்களை நிர்வாணமா வச்சு அடிச்சுட்டு இருக்காங்க. அதை நிறுத்தணும்னா வாத்தியாரைப் பிடிச்சாகணும்னு சூரி ஓடறார். இங்க ஒரு ஷாட், அங்க ஒரு ஷாட். தியேட்டரே மூச்சைப் பிடிச்சுட்டு இருந்தது. நானும்தான். பிறகு யோசிச்சப்ப புரிஞ்சது, அந்தப் பெண்களோட வலி எனக்கு ஒரு கடிகாரமா மாறியிருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்"னு மனசு அடிச்சது சூரிக்காக. வெற்றிமாறன் எண்ணம் நேர்மையானதுன்னு நம்பறேன். அந்த மாதிரி முகாம் இருந்ததுன்னு இத்தனை லட்சம் பேருக்குக் காட்டினதே பெரிய விஷயம். ஆனா த்ரில்லரோட இலக்கணம் அப்படி. யாராவது ஓடி வரணும், நேரத்துக்கு வரணும்.

வாச்சாத்திக்கு யாரும் நேரத்துக்கு ஓடி வரலை.

நான் தள்ளிவிட்ட செய்தி

வாச்சாத்தி, தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர். வீரப்பனுக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனா காரணம் அதே சந்தனக்கட்டைதான். 1992 ஜூன் 20, கடத்தல் கட்டையைத் தேடறோம்னு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள வந்தாங்க. வீடுகளை இடிச்சாங்க, தானியத்தை நாசம் பண்ணினாங்க, கிணத்தைக் கெடுத்தாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. 133 பேரைக் கைது பண்ணினாங்க. அதுல 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள்.

அரசு ஆரம்பத்துல இப்படி எதுவும் நடக்கலைன்னுதான் சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்னாங்க. அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995ல சிபிஐ விசாரணை வந்தது. குற்றம் சாட்டப்பட்டது 269 அரசு ஊழியர்கள்: வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. 2011 செப்டம்பர் 29, தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்ப அதுல 54 பேர் செத்துப் போயிருந்தாங்க. மிச்சம் 215 பேர். ஒருத்தர் விடாம எல்லாரும் குற்றவாளின்னு தீர்ப்பு. 17 பேர் மேல பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணம்.

அவங்க மேல்முறையீடு போனாங்க. இன்னொரு 12 வருஷம். உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்ல நேர்லயே வாச்சாத்தி போய் ஊரைப் பார்த்தார். அதே மார்ச் மாசக் கடைசியிலதான் நான் பாப்கார்னோட 'விடுதலை' பார்த்துட்டு இருந்தேன். செப்டம்பர் 29 தீர்ப்பு: தண்டனை உறுதி. 18 பெண்களுக்கும் ஆளுக்கு 10 லட்சம், அதுல பாதியைக் குற்றவாளிங்ககிட்ட இருந்து வசூலிக்கணும். அப்போதைய கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அலுவலர் மேலயும் நடவடிக்கை எடுக்கணும்னு உத்தரவு.

31 வருஷம். அந்தப் பெண்கள் நீதிமன்றத்துல நின்னு, யூனிஃபார்ம்ல வந்தவங்களை அடையாளம் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காங்க. காட்டுக்குள்ள போய் எடுத்த டேப் மாதிரி ஒண்ணு அங்க கிடையாது. அவங்க வாக்குமூலம்தான் ஆவணம். அதுவும் ஜெயிச்ச ஆவணம்! 215 அரசு ஊழியர்களைக் குற்றவாளிக் கூண்டுல நிறுத்தின ஒரு கதை, எந்த வேட்டையை விடவும் பெரிசு. அது என் போனுக்கு வந்துச்சு. நான் விரலால தள்ளினேன். ஏன்னா அதுல துரத்தல் இல்லை, காட்டுக்கு மேல பறக்கிற ட்ரோன் ஷாட் இல்லை, மீசை இல்லை.

சரி, நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். எதைப் பார்க்கலாம்? மூணையும் பாருங்க. 'விடுதலை'யை சூரிக்காகப் பாருங்க, நெட்ஃபிளிக்ஸ் தொடரைக் காட்டுக்காகவும் முத்துலட்சுமிக்காகவும் பாருங்க, ஜீ5 தொடரை அந்த டேப்புக்காகப் பாருங்க, ஆனா கொஞ்சம் உஷாரா. நான் இப்ப ஒரு சின்னப் பழக்கம் வச்சிருக்கேன். தொடர் முடிஞ்சதும் ஒரு பேப்பர்ல எழுதறேன்: இதுல யாருக்கெல்லாம் பேரு இருந்தது, யாரெல்லாம் வெறும் "ஊர் மக்கள்"? ரெண்டாவது லிஸ்ட்ல இருக்கிறவங்களைப் பத்தி அரை மணி நேரம் தேடிப் படிக்கிறேன். அப்படித்தான் ரெண்டு வருஷம் லேட்டா அந்தத் தீர்ப்புக்கு வந்து சேர்ந்தேன்.

பெரியம்மாகிட்டயும் போன வாரம் போன் போட்டு அந்த 108 நாளைப் பத்திக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினாங்க. இத்தனை வருஷத்துல இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்லைடான்னாங்க. உங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. கேட்டுட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.