வெடித்த டயர் எங்கே போகிறது?

உவரி அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வேன்கள் வந்து நிற்கும். உச்சி வெயிலில் நின்ற ஒன்றின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். பட்டன் அவ்வளவாகத் தேயவில்லை. ஆனால் பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை வெடிப்புகள். ஓரத்தில் 2315 என்ற எண். 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்த்த டயர் என்று பொருள்.

‘டயர் வெடித்ததில் வேன் கவிழ்ந்தது’ என்று செய்தி வரும். ஊரிலும் ‘டயர் வெடிச்சிட்டு’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஏன் வெடித்தது என்ற கேள்விக்கு விடை அந்தக் கிழிந்த ரப்பரில்தான் இருக்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்ததும் வண்டி உரிமையாளரிடம் போகிறது. டயர் காயலான் கடைக்குப் போகிறது. இறந்தவரின் வீட்டார் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் பட்டன் பகுதி உரிந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்தன. வெப்பம் மிகுந்த டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில்தான் சாவுகள் குவிந்தன. 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்குகள் பல அதற்கு முன்பே சமரசத்தில் முடிந்து, ஆவணங்கள் வெளிவராமல் கிடந்தன. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று கையெழுத்தான சட்டம் அந்த ஓட்டையைத்தான் அடைத்தது: சாவு, காயம் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளையும், வெளிநாடுகளில் டயர்களைத் திரும்பப் பெற்ற செய்தியையும் தயாரிப்பாளர் அரசுக்குச் சொல்லியாக வேண்டும்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி ஆணையிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. குறை உதிரிபாகத்தில் இருந்தாலும் பொருந்தும். நல்ல பிரிவுதான். ஆனால் அது முதலில் எண்ணுவது உரிமையாளர்களின் புகார்களை. வாடகை வேனில் கோயிலுக்கு வந்து இறந்தவர் உரிமையாளர் அல்லர். சோதனை நிறுவனம் வழியாகவோ ‘வேறு வழியிலோ’ தகவல் வரலாம் என்றும் அப்பிரிவு சொல்கிறது. அந்த வேறு வழியை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து திறக்கலாம் என்பதே என் வாதம்.

2023இல் மும்பை உயர் நீதிமன்றம், டயர் வெடிப்பு தெய்வச் செயல் அன்று, மனிதக் கவனக்குறைவே என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. இறந்தவரின் குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது, அது நியாயம். ஆனாலும் இத்தகைய வழக்கில் பழி ஓட்டுநர், உரிமையாளர் என்ற எல்லைக்குள் நின்றுவிடுகிறது. காற்றுக் குறைவா, அதிக பாரமா, முதுமையா, வார்ப்பிலேயே குறையா என்று யாரும் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதில்லை. குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் நுகர்வோர் சட்டப் பிரிவுகளை நாடினாலோ, குறையை மெய்ப்பிக்க டயர் வேண்டும். டயரோ இல்லை.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2014இல் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக்கு ஒரு குழுவை அமைத்தது. ஒரு மனுவுக்கு அவ்வளவு வலு உண்டு. அடுத்த மனு கேட்க வேண்டியது மூன்று: வெடித்த டயரையும் உரிந்த துண்டுகளையும் தீர்ப்பு வரும்வரை முத்திரையிட்டு வைப்பது, அதன் எண்ணைக் காவல் துறையின் முதல் அறிக்கையிலேயே எழுதிக் குடும்பத்துக்கு நகல் தருவது, டயர் வெடிப்பு இழப்பீட்டுக் கோரிக்கை ஒவ்வொன்றையும் காப்பீட்டு நிறுவனம் மத்திய அரசுக்குத் தெரிவிப்பது.