ஒரே தாளமும் பல மனிதரும்

கூட்டத்துட் புகுந்த மனிதன் தன் தனித்தன்மையை இழந்துவிடுகிறான் என்பது, பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ பொன் 1895இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்தாகும். இயந்திரம் எழுப்பும் மாறாத தாளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் ஒருசேர ஆடும் இலத்திரனியல் நடன இசை இதற்குத் தக்க சான்றெனப் பலருக்குத் தோன்றலாம். ஆயின், அவ்விசையின் வரலாற்றை நுணுகி நோக்குவோர் அத்துணை எளிதாக அம்முடிவுக்கு வருதல் இயலாது.

ஹவுஸ் எனப்படும் இசைவகை பிறந்த இடம் அமெரிக்காவின் சிக்காகோ நகராகும். 1977இல் அங்கு 'வெயர்ஹவுஸ்' என்னும் நடன விடுதி திறக்கப்பட்டது. நியூயோர்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் அங்கு இசைத்தட்டுகளை இயக்கினார். ஆடவந்தோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமாவர். அவர்களுட் பலர் தன்பாலின விருப்பினர். வீட்டிலும் தொழிற்களத்திலும் தம்மை மறைத்து வாழ நேர்ந்தோர்க்கு, மறைக்க வேண்டாத இடமாக அவ்விடுதி அமைந்தது. இணை தேடவோ அடவு பயிலவோ வேண்டாது, ஒவ்வொருவரும் தத்தமக்கு இயன்றவாறு ஆடினர்.

1979 யூலை 12ஆம் நாள், அதே நகரின் கொமிஸ்கி பார்க் பேஸ்போல் மைதானத்தில் வேறொரு கூட்டம் திரண்டது. டிஸ்கோ இசையை வெறுத்த வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் முன்னின்ற நிகழ்ச்சி அது. இசைத்தட்டொன்றைக் கொண்டுவருவோர்க்கு நுழைவுக் கட்டணம் 98 சதம் மட்டுமே. ஏறத்தாழ 50,000 பேர் கூடினர். இரு ஆட்டங்களுக்கிடையே, குவிக்கப்பட்ட தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மைதானத்துட் பாய்ந்தமையால் இரண்டாம் ஆட்டம் நடைபெறவில்லை. அன்று அங்குப் பணியாற்றிய கறுப்பின இளைஞர் வின்ஸ் லோரன்ஸ், டிஸ்கோ அல்லாத கறுப்பினக் கலைஞரின் தட்டுகளும் அக்குவியலில் இருந்தமையைப் பின்னாளில் எடுத்துரைத்தார். 1980களில் ஹவுஸ் இசையின் தொடக்ககாலத் தட்டுகளை உருவாக்கியோருள் அவரும் ஒருவரானார்.

இவ்விரு கூட்டங்களுள் தனிமனிதனை விழுங்கியது எது? விடுதியில் தாளம் ஒன்றாயிருந்தும் ஆட்டம் ஆளுக்காள் வேறுபட்டது. மைதானத்தில் தாளமெதுவும் தேவைப்படாமலே வெறுப்பு ஒன்றாயிற்று.

இவ்வேறுபாட்டை அரசுகளும் உணர்ந்தனவல்ல. 1992 மே மாதம் இங்கிலாந்தின் காசில்மோட்டன் பொதுவெளியில் பல்லாயிரவர் நாட்கணக்கில் ஆடினர். பிரித்தானியப் பாராளுமன்றம் 1994இல் இயற்றிய சட்டம், திறந்தவெளியில் இரவில் இசையுடன் 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடுவதைக் கலைக்கப் பொலிசாருக்கு அதிகாரமளித்தது. அவ்விசைக்கு இலக்கணம் வகுக்கையில், மீளமீள ஒலிக்கும் தாள அடிகளையே அது சுட்டிற்று. 2003இல் அவ்வெண்ணிக்கை 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஓட்டெக்கர் என்னும் இசைக்குழு, எந்த இரு ஆவர்த்தனங்களும் ஒத்திராத பாடலொன்றை 1994இலேயே வெளியிட்டு அவ்விலக்கணத்தை எள்ளி நகையாடியது.

இன்றைய வணிகப் பெருவிழாக்களில் மேடை மிக உயர்ந்துவிட்டது. ஆடுவோர் ஒருவரையொருவர் நோக்காது, மேடையில் நிற்கும் ஒருவரையே நோக்குகின்றனர். லெ பொன்னின் ஐயம் வெயர்ஹவுசினும் இவ்விடத்துக்கே பெரிதும் பொருந்துமெனலாம். ஆகவே, கூட்டமொன்றை மதிப்பிடப் புகுவோர் அங்கு ஒலிக்கும் தாளத்தை எண்ணுவதினும், அங்கு இடம் மறுக்கப்பட்டோர் யாவர் என வினவுதலே பயனுடைத்து.