அண்ணன்களின் கல்லூரி, தங்கைகளின் கட்டணம்

வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தின் உழைப்பும் தோல் வணிகர்களின் பணமும் சேர்ந்து எழுப்பியது அது. திருப்பத்தூரில் சலேசியத் துறவியர் தூய நெஞ்சக் கல்லூரியை 1951இல் நிறுவினார்கள். மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல் வந்தது, ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் வந்தது. ஜோலார்பேட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் இந்தக் கல்லூரிகள் எல்லாம் பாலாற்றை ஒட்டியோ ரயில் பாதையை ஒட்டியோ இருக்கும். தோலும் ரயிலும் போன வழியில்தான் கல்வியும் போயிற்று. ஆனால் அந்த வழியில் முதலில் நடந்தவர்கள் ஆண் பிள்ளைகள்.

வாணியம்பாடியில் பெண்களுக்கென்று கல்லூரிகள் 1990களில்தான் வந்தன. மருதர் கேசரி ஜெயின் மகளிர் கல்லூரியும் இஸ்லாமியா மகளிர் கல்லூரியும் அந்தக் காலத்தவை. அண்ணனுக்குக் கல்லூரி வந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்துத் தங்கைக்குக் கல்லூரி வந்தது. இதைப் பலரும் 'தாமதம்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. தாமதமாக வந்ததால் கல்லூரியின் தன்மையே மாறிவிட்டது.

விஷயம் இதுதான். பழைய கல்லூரிகள் அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், அதனால் மாணவர் கட்டும் கட்டணம் குறைவு. 1980களின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளின் காலம் தொடங்கியது. புதிதாக வரும் கல்லூரிக்கு இனி உதவி கிடையாது, கட்டணத்தை வாங்கித்தான் நடத்திக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. பெண்களுக்கான கல்லூரிகளில் பெரும்பகுதி இந்தக் கதவு மூடிய பிறகு வந்தவை. பழைய ஆண்கள் கல்லூரிகள் சில, பிற்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோதும், அரசு சம்பளம் தரும் பகல் வகுப்புகளில் அல்லாமல் மாலைச் சுழற்சியின் சுயநிதிப் பிரிவில்தான் முதலில் இடம் கொடுத்தன. அரசு செலவு செய்த தலைமுறை ஆண்களின் தலைமுறை. குடும்பம் செலவு செய்ய வேண்டிவந்த தலைமுறை பெண்களின் தலைமுறை. யாரும் உட்கார்ந்து இப்படித் திட்டமிடவில்லை. திட்டமிடாமலே இது நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எங்கள் வீட்டிலேயே அதைப் பார்க்கலாம். நைனா ரயில்வேயில் கேங்மேன். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தாள். விடியலில் கம்பெனி வேன் வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். அண்ணன் உதவி பெறும் கல்லூரியில் படித்தான். நான் சேர்ந்தது சுயநிதிப் பிரிவு. இரண்டு பேருக்கும் பருவக் கட்டணம் கட்டிவிட்டு வந்த அன்று அம்மா இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இன்னாடி இது, ஆம்பளப் புள்ளய விட பொட்டப் புள்ள படிப்பு காஸ்ட்லியா கீது" என்றாள். பெண்ணுக்குச் செலவு செய்ய மனமில்லாமல் சொன்னதல்ல அது. கணக்கு சொன்னாள். கல்விக் கொள்கை பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்த வாக்கியம்தான்.

உதவி பெறும் மகளிர் கல்லூரிகள் இருந்தன. காட்பாடியில் ஆக்ஸிலியம் 1954இலேயே வந்தது. வேலூரில் டி.கே.எம். மகளிர் கல்லூரி உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் 80 கிலோமீட்டருக்கு மேல். போகலாம், போனவர்கள் இருக்கிறார்கள். பட்டப்படிப்பு வரை பெண் பிள்ளைகளுக்கு ரயில்வே இலவச சீசன் டிக்கெட் தருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு படித்தவர்கள் என் மாணவிகளிலேயே உண்டு. ஆனால் மாலையில் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் வீட்டில் கேள்வி வரும். குறைந்த கட்டணம் தூரத்தில் இருந்தது, பக்கத்தில் இருந்ததன் கட்டணம் அதிகம். பெண்ணுக்குக் கிடைத்த தேர்வு அவ்வளவே.

இந்தப் பகுதியில் ஒருமுறை வரலாறு தலைகீழாகவும் நடந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமானது. அது கல்லூரியாகி, ஆண் மாணவர்களைச் சேர்த்தது 1947இல். தலைமையில் ஒரு பெண் இருந்தார், யாருக்காக என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தது. மற்ற கல்லூரிகளின் கதையில் அந்தக் கேள்வியே எழவில்லை.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். 2002 வரை எங்கள் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தன. 1857இல் பிறந்த பல்கலைக்கழகம் அது. அதை ஒரே மனிதர், ஏ. லட்சுமணசாமி முதலியார், 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்து நடத்தினார். அவர் மகப்பேறு மருத்துவர். பெண்ணுடலைப் படித்துப் புத்தகம் எழுதியவர். அவர் பெயரில் சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையே தடகளப் போட்டி நடக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்களும் ஒரு காலத்தில் சென்னைக் கல்லூரிப் பெண்களோடு ஒரே பல்கலைக்கழக அணிக்காக மோத வேண்டியிருந்தது. அங்கே பயிற்சியாளர், ஓடுதளம், விடுதி எல்லாம் உண்டு. இங்கே ஏரிக்கரையில் ஓடிவிட்டு, முதல் நாள் இரவே ரயிலேறிப் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் 800 மீட்டர் ஓட வேண்டும்.

2002இல் வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகளைப் பிரித்துத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. முதலில் வேலூர்க் கோட்டைக்குள் இயங்கியது, பிறகு சேர்க்காட்டுக்குப் போயிற்று. நான் இளங்கலை முடித்தது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு, முதுகலை திருவள்ளுவரில். அப்போது ஊரில் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. 'மெட்ராஸ் யுனிவர்சிட்டி டிகிரி' என்றால் பெண் பார்க்க வருபவர்கள்கூட மதிப்பார்களாம், புதிய பெயருக்கு யார் மதிப்பு தருவார்கள்? பட்டத்தின் மதிப்பைக் கல்யாணச் சந்தையில் வைத்து எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, விளையாட்டு மைதானத்தில் வேறொன்று நடந்தது. அதைப் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை.

இந்தியாவில் கல்லூரி விளையாட்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் நடக்கிறது. கல்லூரிகளுக்கு இடையே போட்டி வைத்து, அதிலிருந்து பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுத்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிக்கு அனுப்புவார்கள். கபடி, கைப்பந்து போன்றவற்றில் முதலில் தென் மண்டலம், அங்கே முன்னேறினால் அகில இந்தியா. ஆகவே பல்கலைக்கழகத்தின் எல்லை எங்கே முடிகிறதோ, அதுவே ஒரு பெண் யாரோடு போட்டியிட வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. 2002க்குப் பிறகு திருப்பத்தூர்ப் பெண் சென்னைப் பெண்ணை வெல்லாமலே பல்கலைக்கழக அணிக்குள் வர முடிந்தது. அந்தச் சீருடைக்கு வெறும் பெருமை மட்டும் இல்லை. பல்கலைக்கழகப் போட்டிகளில் இடம்பிடித்த சான்றிதழ் அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் செல்லும், ரயில்வேயிலும் செல்லும். ஜோலார்பேட்டை போன்ற ரயில்வே ஊரில் அதன் பொருள் எல்லோருக்கும் புரியும். கேங்மேனின் மகள் அப்பாவின் இடத்துக்காகக் காத்திருக்காமல், தன் காலால் ரயில்வேக்குள் நுழையலாம்.

2021இல் எல்லை மறுபடி மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் நிறைவேறியது. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் சட்டத்திருத்தம் வந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் போயின. 2013இல் அரசு கையகப்படுத்திய பல்கலைக்கழகம் அது. ஒரே ஆண்டில் அந்தப் பெண்களின் கல்லூரிக்கு மூன்று பல்கலைக்கழகப் பெயர்கள். சட்டமன்றத்தில் நடந்த சண்டை யாருடைய பெயர் நிற்கும் என்பது பற்றி. ஒரு கட்சி தன் தலைவியின் பெயருக்காகப் போராடியது, இன்னொரு கட்சி நிதி நெருக்கடியைக் காரணம் காட்டியது. தேர்வுக் கட்டணம், அணித் தேர்வு, சான்றிதழ் வாங்கப் போக வேண்டிய ஊர் ஆகியவை அந்த விவாதத்தில் பெரிதாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போது திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஒரு பெண், பேராசிரியர் தாமரைச்செல்வி. பல்கலைக்கழகத்தின் பரப்பில் ஒரு பெரிய பங்கு பிரிந்து போகிறது. அது அவர் அறையில் முடிவாகவில்லை, சென்னையில் முடிவானது. இணைவுப் பல்கலைக்கழகத்துக்கு வருமானமே கல்லூரிகளிலிருந்து வரும் இணைப்புக் கட்டணமும் மாணவர்களின் தேர்வுக் கட்டணமும்தான். கல்லூரிகள் போனால் அதுவும் போகும். பெண் தலைமை வேண்டும் என்று கேட்கும் நாம், தலைமை என்ற நாற்காலியில் என்ன அதிகாரம் மிச்சமிருக்கிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இப்போது நாற்காலிகளே காலியாகக் கிடந்த காலத்தையும் பார்த்துவிட்டோம். துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்ற வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றது. அடுத்த மாதமே நியமனம் தொடர்பான பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இதற்கிடையில் சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலிருந்து துணைவேந்தர் இல்லாமல் இருந்தது, பட்டமளிப்பு விழா தள்ளிப்போனது. வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்குப் பட்டச் சான்றிதழ் என்பது ஆண்டு கடந்து வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய காகிதமா?

விளையாட்டு எல்லைகள் மாறும்போது பெண்களைக் கேட்காதது இந்த ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' என்ற போட்டிக் குழுக்களாகச் சேர்ந்து விளையாடுகின்றன. 2024 ஆகஸ்டில், ஆண்கள் கால்பந்தின் தொலைக்காட்சிப் பணத்துக்காக, லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ மேற்குக் கரைக் குழுவை விட்டு 'பிக் டென்' குழுவுக்குப் போயிற்று. அதே குழுவில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் இருக்கிறது. கால்பந்து அணிக்கு வாரம் ஒரு ஆட்டம். வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடும் பெண்கள் கைப்பந்து அணிதான் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறக்கிறது. அதற்கு முன்னாலும் ஒன்று நடந்தது. 1971இல் அமெரிக்கப் பெண்கள் தங்கள் கல்லூரி விளையாட்டுக்கென்று தனிச் சங்கம் வைத்திருந்தார்கள், நடத்தியவர்கள் பெண்கள். 1980களின் தொடக்கத்தில் ஆண்களின் சங்கம் பெண்கள் போட்டிகளையும் எடுத்துக்கொண்டது, பெண்கள் சங்கம் மூடிப்போனது. 1972இல் பெண்கள் அணிகளின் பயிற்றுநர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பெண்கள். இன்று பாதிக்கும் குறைவு. பணமும் வாய்ப்பும் பெருகின, தலைமை கைமாறியது.

கட்டணத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மாணவிகள் என்னிடம் கேட்பது அதைத்தான். தமிழ்நாட்டில் பெண் கல்விக்கு அரசு செய்தது குறைவில்லை. 1989இல் ஈ.வெ.ரா. நாகம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை இலவசக் கல்வி. 2007-08 முதல் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைக் கல்விக் கட்டணம் ரத்து. ஆனால் 'கல்விக் கட்டணம்' என்பது ரசீதில் ஒரு வரி. அதற்குக் கீழே தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம், விளையாட்டுக் கட்டணம் என்று வரிகள் நீளும். விளையாட்டுக் கட்டணத்தை எல்லா மாணவிகளும் கட்டுகிறார்கள். மைதானத்துக்கு ஒருநாளும் வராத பெண்ணும் கட்டுகிறாள். வீட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று மூன்றரை மணிக்கே ஓடுகிறவள் அவள். அவள் பணத்தில் யாருக்கு ஷூ வாங்கினார்கள், எந்த அணி எந்த ஊருக்குப் போய்வந்தது என்ற கணக்கை ஆண், பெண் என்று பிரித்து வெளியிட்டால் என்ன? நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இதைக் கேட்டபோது, "தமிழ்த் துறைக்கு எதுக்கும்மா இது" என்று பதில் வந்தது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்தது திருமண உதவித் திட்டம். எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022 செப்டம்பர் 5 முதல் அதே அம்மையாரின் பெயரில் 'புதுமைப் பெண்' வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில். தாலிக்குத் தந்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பிய இந்த ஒரு மாற்றத்தை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் பாராட்டுவேன். 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிந்தது. தமிழ்வழி என்ற சொல்லை நான் தமிழ் ஆசிரியராக விரும்புகிறேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது வழியில் படித்துவிட்டு என் வகுப்பில் தமிழ் கற்கும் பெண்கள் அந்தச் சொல்லை வேறு மாதிரி வாசிக்கிறார்கள்.

எங்கள் துறையில் ஒரு மாணவி நீளம் தாண்டுகிறாள். அவள் அம்மாவும் ஷூ கம்பெனிதான். ஆயிரம் ரூபாயை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "ரெண்டு மாசம் சேத்துத் தேர்வுக் கட்டணம் மேடம். மூணாவது மாசம் அம்மா சீட்டுக்கு. நாலாவது மாசம் ஸ்பைக் வாங்கலாம்னு இருந்தேன், தம்பிக்கு டியூஷன் ஃபீஸ் வந்துடுச்சு." பல்கலைக்கழக அணித் தேர்வு சேர்க்காட்டில். காலை ஆறு மணிக்குக் காட்பாடி ரயிலைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து ஏறிப் போனாள். இலவச சீசன் டிக்கெட் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே மட்டும்தான் செல்லும், ஆகவே அன்று டிக்கெட் எடுத்தாள். சீனியர் அக்காவின் ஸ்பைக்கைக் கடன் வாங்கி, முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு தாண்டினாள்.