பர்மா அரிசியும் அரசின் கையும்

ஒரு நாட்டின் தானிய ஏற்றுமதியை மண்வளமும் மழையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. வயலுக்கும் கப்பலுக்கும் இடையே அரசு நிற்கின்றது. அது யாருக்காக நிற்கின்றது என்பதே வரலாறு எழுப்பும் வினா. பர்மாவின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

பர்மிய மன்னர் காலத்தில் அரிசி நாட்டைவிட்டு வெளியேறத் தடையிருந்தது. 1852இல் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அத்தடையை நீக்கினர். காடு திருத்திப் பயிரிட்டவனுக்கு நிலவுரிமையும் வழங்கினர். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. 1930களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் தொன் அரிசி கப்பலேறிற்று. ஆனால் அச்செல்வம் உழுதவனிடம் தங்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ, கடன்பட்டோர் நிலம் இழந்தனர். 1930இல் 13 முதன்மை நெல் மாவட்டங்களின் பயிர்நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கே நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்காயிற்று. தமிழராகிய நாம் இதனை மறைத்து வரலாறு எழுதுதல் தகாது.

1948இல் விடுதலை வந்தது. அரிசி ஏற்றுமதி அரசின் சந்தைப்படுத்தற் சபையின் தனியுரிமையாயிற்று. 100 கூடை நெல்லுக்கு 285 கியாட் என விலை நிருணயிக்கப்பட்டது. கொரிய யுத்தகாலத்தில் உலகவிலை ஏறியபோதும் உழவன் பெற்ற விலை ஏறவில்லை. இலாபம் திறைசேரியைச் சேர்ந்தது. தொழில் வளர்க்கப் பணம் வேண்டும் என்பது உண்மையே. ஆயின் அச்சுமை முழுவதையும் நெல் விளைவித்தவன் தலையில் ஏற்றியது நீதியன்று.

அவ்விலையேற்றம் நம்மையும் தாக்கிற்று. 1952இல் சீனாவுடன் றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தோம். 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. பர்மிய உழவனுக்கும் கிட்டாத விலையை இலங்கைத் தொழிலாளி கொடுக்க நேர்ந்தது!

1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே அரிசி வணிகம் முழுவதும் அரசுடைமையாயிற்று. குறைந்த விலைக்குக் கட்டாயமாக விற்க வேண்டிய உழவனுக்கு, மிகுதியாக விளைவிப்பதில் நாட்டமற்றுப் போயிற்று. 1960கள் முடியுமுன் ஏற்றுமதி 10 இலட்சம் தொன்னுக்கும் கீழிறங்கியது. 2003இல் கட்டாயக் கொள்முதல் கைவிடப்பட்டது. 2004 ஜனவரியிலேயே ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது.

கட்டற்ற வணிகம் உழவனின் நிலத்தைப் பறித்தது. மக்கள் குரலற்ற கட்டுப்பாடு அவன் ஊக்கத்தைப் பறித்தது. ஆகவே, அரசு தலையிடலாமா என்று கேட்பது மட்டும் போதாது. விலையை வகுக்கும் அவையில் உழவனுக்கு இடமுண்டா என்றே நாம் முதலில் கேட்டல் வேண்டும்.