முழுமைக் கல்வி: லுத்தரன் மூலமும் கொழும்பு மரபும்

முழுமைக் கல்வி என்பது மாணவரின் அறிவை மட்டுமல்லாமல் அவரது சமய வாழ்வு, ஒழுக்கம், உடல்நலம், கைத்தொழில், பொதுப்பணி ஆகியவற்றையும் கல்வி நிலையமே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் முறை. ஐரோப்பாவில் லுத்தரன் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இதில் நெடிய மரபு உண்டு. தமிழரிடம் அம்மரபு 1706இல் தரங்கம்பாடி வழியாக வந்தது. கொழும்பில் லுத்தரன் பல்கலைக்கழகம் கிடையாது. ஆயினும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கத்தோலிக்கரும் சைவரும் தத்தம் வழியில் இதே நோக்கோடு கல்விப்பணி செய்தனர். 1960-61இல் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின் இந்தப் பொறுப்பு ஒரே கூரையின் கீழ் நிற்கவில்லை. பரீட்சைப் படிப்பு ஒரு பக்கமும் சமய, ஒழுக்கப் பயிற்சி ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளின் பக்கமும் போயின.

லுத்தரன் மூலம்

ஆண் பெண் இருபாலருக்கும் பள்ளிகள் அமைக்க வேண்டும் என்று மார்ட்டின் லூதர் 1524இல் ஜெர்மானிய நகரசபைகளுக்கு எழுதினார். 1529இல் வெளிவந்த அவரது சிறிய ஞானோபதேசம் வினாவிடை வடிவில் அமைந்தது. வீட்டிலும் பள்ளியிலும் சிறுவர்கள் அதை மனப்பாடம் செய்தனர்.

இந்தச் சிந்தனைக்கு நிறுவன வடிவம் தந்தவர் ஜெர்மனியின் ஹல்லே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663-1727). 1695இல் அவர் தொடங்கிய ஏழைப் பிள்ளைகளின் பள்ளி சில ஆண்டுகளில் அநாதை இல்லம், இலத்தீன் பள்ளி, அச்சகம், மருந்தகம் கொண்ட வளாகமாக வளர்ந்தது. அங்கே வேதபாடமும் மொழிகளும் கற்ற மாணவர்கள் மரம் கடைதல், கண்ணாடி வில்லை தேய்த்தல், செடி வளர்த்தல் போன்றவற்றையும் பழகினர். வசதியற்ற பல்கலைக்கழக மாணவர்களுக்கு வளாகத்தில் இலவச உணவு கிடைத்தது. அதற்குக் கைம்மாறாக அவர்கள் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். உண்பவரே ஊழியரும் ஆன இந்த ஏற்பாட்டில் படிப்பும் பணியும் பிரியாமல் இருந்தன.

தரங்கம்பாடி

ஹல்லேயில் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்க் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவுடன் 1706 ஜூலை 9 அன்று டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியை அடைந்தார். திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1707இல் மிஷன் பள்ளிகள் தொடங்கின. பெண்பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் மிஷன் செலவிலேயே கொடுக்கப்பட்டன. 1716இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றும் செமினரி அமைந்தது.

அடுத்த தலைமுறையில் கிறிஸ்தியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் (1726-1798) தஞ்சையில் பணியாற்றினார். கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் அவரிடம் படித்தவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு இளமையில் பாதுகாவலராக இருந்தவரும் ஸ்வார்ட்ஸே. சரபோஜி மதம் மாறவில்லை. மருத்துவம், இயற்கை அறிவியல், நூல் சேகரிப்பு என அவரது ஆர்வம் பல துறைகளில் விரிந்தது. இக்கல்வியின் பயன் மதமாற்றத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு அவர் சான்று. 1760இல் ஸ்வார்ட்ஸ் இலங்கைக்கும் வந்து சென்றார்.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் இராஜா மாணிக்கத்தின் பெயரால் தரங்கம்பாடிக்கு அருகே பொறையாற்றில் இயங்கும் லுத்தரன் கல்லூரி இம்மரபின் இன்றைய தொடர்ச்சி.

ஒல்லாந்தர் காலக் கொழும்பு

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் லுத்தரன்கள் அல்லர், சீர்திருத்தச் சபையினர். அவர்களது ஆட்சியில் தேவாலயம், பள்ளிக்கூடம், பதிவகம் மூன்றும் ஒன்றாகவே இயங்கின. பள்ளி ஆசிரியரிடம் பள்ளிக்கூடத் தோம்பு என்னும் பதிவேடு இருந்தது. அதில் திருமுழுக்குகளும் திருமணங்களும் பதியப்பட்டன. மாணவரின் முழு வாழ்க்கையையும் பள்ளி கவனித்தது உண்மை. ஆனால் அந்தக் கவனிப்பில் கண்காணிப்பும் கலந்திருந்தது. 1696இல் கொழும்பில் நிறுவப்பட்ட செமினரியில் உள்ளூர் இளைஞர்கள் போதகர்களாகவும் ஆசிரியர்களாகவும் பயின்றனர். அங்கே படித்த பிலிப்பு தெ மெல்லோ புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1759இல் கொழும்பில் அச்சேறியது. கொட்டாஞ்சேனையை ஒட்டிய மேட்டில் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் அக்காலத்தின் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

கொட்டாஞ்சேனை

19ஆம் நூற்றாண்டில் கொட்டாஞ்சேனை சமயப் போட்டியின் களமாக இருந்தது. 1873இல் பாணந்துறை விவாதத்தில் கிறித்தவப் போதகர்களை எதிர்கொண்ட மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இங்குள்ள தீபதுத்தாராமய விகாரையைச் சேர்ந்தவர். 1883 ஈஸ்டர் ஞாயிறன்று பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டதும் இங்கேதான். அந்தப் போட்டியில் பள்ளிக்கூடம் முக்கிய ஆயுதமாயிற்று. தம் பிள்ளைகளைப் பிறர் பள்ளியில் விட விரும்பாத ஒவ்வொரு சமயத்தாரும் சொந்தப் பள்ளி தொடங்கினர்.

புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி 1865இல் தோன்றியது. அப்போது கொழும்பின் கத்தோலிக்க மறைப்பணியைக் கவனித்தவர்கள் ஆசீர்வாதப்பர் சபையின் சில்வெஸ்திரியக் கிளைத் துறவியர். கல்லூரியின் பெயருக்கு அதுவே காரணம். பின்னர் அது தெ லா சால் அருட்சகோதரர்களின் பொறுப்புக்கு வந்தது. அச்சபையின் நிறுவனர் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் (1651-1719) பிராங்கேயின் சமகாலத்தவர். இருவரும் ஏழைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பித்தவர்கள், ஆசிரியர் பயிற்சியை வற்புறுத்தியவர்கள். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் லுத்தரன். பெண்களுக்கு அதே பகுதியில் நல்லாயன் கன்னியர் பள்ளி அமைந்தது.

சைவர் பக்கத்தில், ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை முன்மாதிரியாயிற்று. மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே கற்பித்த நாவலர் மிஷனரிகளின் முறைகளை நன்கறிவார். பாலபாடம், சைவ வினாவிடை, வாராந்தப் பிரசங்கம் ஆகியவற்றைச் சைவக் கல்விக்குப் பயன்படுத்தினார். 1897 ஜனவரி 15 அன்று கொழும்பில் இறங்கிய சுவாமி விவேகானந்தரின் வருகை மற்றொரு தூண்டுதல். 1902இல் உருவான விவேகானந்த சபை கொட்டாஞ்சேனை விவேகானந்த மேட்டில் இயங்குகிறது. பாடசாலை மாணவர்களுக்கு அது நாடளாவிய சைவ சமயப் பரீட்சை நடத்துகிறது.

வெள்ளவத்தை

வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷனும் சைவ மங்கையர் கழகமும் சைவர் கல்விப்பணியின் மையங்கள். மிஷனின் இலங்கைக் கல்விப்பணியை வளர்த்தவர் சுவாமி விபுலாநந்தர் (1892-1947). மட்டக்களப்பு கல்லடியில் 1929இல் திறக்கப்பட்ட சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியின் பலன். விஞ்ஞானப் பட்டதாரி, தமிழாய்வாளர், துறவி ஆகிய மூன்று நிலைகளும் அவரிடம் சேர்ந்திருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்தார். மிஷன் பள்ளிகளோடு மாணவர் இல்லங்களும் நடந்தன. விடியற்காலைப் பிரார்த்தனை, வீட்டுவேலை, தோட்டவேலை, படிப்பு என்று அங்கே நாள் வகுக்கப்பட்டிருந்தது.

சைவ மங்கையர் கழகத்தின் வித்தியாலயம் கொழும்புத் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குச் சைவச் சூழலில் கல்வி தந்தது. பாடங்களோடு பண்ணிசை, நடனம், கோலம் ஆகியவை இத்தகைய பள்ளிகளில் இயல்பாக இடம் பெற்றன.

அரசு பொறுப்பேற்றலும் பின்விளைவும்

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. கட்டணம் வாங்காத தனியார் பாடசாலையாக நீடிக்கச் சிலவே துணிந்தன. புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி அவற்றுள் ஒன்று. இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகள் அரசிடம் போயின. மட்டக்களப்பு மாணவர் இல்லங்கள் மிஷனிடமே இருந்தன.

இந்த மாற்றத்தால் வறிய பிள்ளைகளுக்குச் சமவாய்ப்பு விரிந்தது. மறுபுறம் தரம் ஐந்து புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்ற பரீட்சைப் படிகளே மாணவரின் காலத்தை அளந்தன. 1983 இனக்கலவரத்துக்குப் பின் தமிழ்க் குடும்பங்கள் பெருகிய வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்புகளும் பெருகின. சமயமும் ஒழுக்கமும் கற்பிக்கும் ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலையும் ரியூஷனும் ஒரே நேரத்தில் மோதுவது பெற்றோர் நன்கறிந்த சிக்கல். சமயத் தலைவர்கள் ஞாயிறு ரியூஷனுக்குக் கட்டுப்பாடு கேட்பதன் காரணமும் இதுவே.

விமர்சனம்

முழுமைக் கல்வியை எல்லாரும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. உணவும் விடுதியும் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்பது மிஷன் பள்ளிகள் மீதான பழைய குற்றச்சாட்டு. சமயப் பள்ளிகளுக்குள் சாதி வேற்றுமை புகுந்ததும் உண்டு. பெண் கல்வி குடும்ப வாழ்வுக்கான ஆயத்தமாகச் சுருங்கியதும் உண்டு. மாணவர் எப்படிப்பட்ட மனிதராக வேண்டும் என்பதை நிறுவனமே தீர்மானிக்கும்போது அவரது சொந்தத் தெரிவுக்கு இடம் குறைகிறது.

இன்றைய நிலை

அமெரிக்காவின் வால்பரைசோ போன்ற லுத்தரன் மரபுப் பல்கலைக்கழகங்களில் தேவாலயமும் விடுதியும் சமூகப்பணியும் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. இலங்கையில் சமயம் சாதாரண தரத்தின் கட்டாயப் பாடம். மாணவர் அதற்கும் புள்ளி பெறுகிறார். அரச பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலும் உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய மதிப்பெண்ணான இசட் புள்ளியைப் பொறுத்தது. விளையாட்டு, கலை முதலிய திறமைகளுக்கு மிகச் சிறு பங்கே ஒதுக்கப்படுகிறது. எனவே கொழும்புத் தமிழ் மாணவரின் முழு வளர்ச்சி கோவில், தேவாலயம், அறநெறிப் பாடசாலை, விளையாட்டுக் கழகம், வீடு எனப் பல கைகளில் உள்ளது. அவற்றை ஒன்றிணைக்கும் பொறுப்பு எந்தக் கல்வி நிலையத்துக்கும் இல்லை. பெற்றோரே அதைச் சுமக்கின்றனர்.