கடல் கொண்டதா? – சென்னை, ஒலுவில் துறைமுகங்களும் கரைமணலும்

‘கடல் கொண்டது’ என்பது தமிழில் மிகப் பழைய தொடர். தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை கூறிய காலந்தொட்டு, கரை அழியும்போதெல்லாம் அத்தொடரே நமது நாவில் வந்து நிற்கின்றது. அதன் எழுவாய் கடல். கடலை விசாரிப்பார் இல்லை. ஆயினும் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் வங்கக் கடலின் மேற்கு விளிம்பில் நிகழ்ந்த நிலவிழப்புகள் சிலவற்றை நோக்குமிடத்து, அவ்வெழுவாய் பொருத்தமானதுதானா என்ற ஐயம் எழுகின்றது. சென்னை, ஒலுவில் ஆகிய இரு துறைமுகங்களை முன்வைத்து இவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் மணலின் இயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். அலை பெரும்பாலும் கரைக்கு நேராக வருவதில்லை. சற்றுச் சாய்வாகவே வந்து உடைகின்றது. உடைந்த அலையின் நீர் மணலைச் சுமந்துகொண்டு சாய்வாகவே கரையேறுகின்றது. திரும்பும்போதோ புவியீர்ப்புக்குட்பட்டுச் சரிவின் வழியே நேராகக் கீழிறங்குகின்றது. ஏறிய இடம் வேறு, இறங்கிய இடம் வேறாதலால், ஒவ்வோர் அலையோடும் மணற்றுகள் கரை நெடுகச் சிறிது தூரம் இடம்பெயர்ந்துவிடுகின்றது. அலை உடையும் பகுதியில் கரைக்குச் சமாந்தரமாக ஓடும் நீரோட்டம் இப்பெயர்ச்சியை மேலும் வலுப்படுத்துகின்றது. எனவே கடற்கரை என நாம் காண்பது ஓரிடத்தில் கிடக்கும் மணலன்று. வந்து சேர்வதும் விட்டுச் செல்வதும் சமமாயிருக்கும்வரை ஒரே அகலத்தில் தோற்றமளிக்கும் ஒரு மணலாறு.

சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் கீழைக் கரையிலும் இவ்வாறு பருவத்துக்குப் பருவம் திசை மாறுவது. சோழகக் காலத்து அலைகள் மணலை வடக்கே தள்ளும். வாடைக் காலத்து அலைகள் அதில் ஒரு பகுதியைத் தெற்கே மீட்கும். சோழகக் காலம் நீண்டது. ஆகவே ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய பெயர்ச்சியே. சென்னையருகே அதன் அளவு ஆண்டொன்றுக்குப் பல இலட்சம் கனமீற்றர். பருவந்தோறும் கரை தேய்வதையும் வளர்வதையும் மீனவர் தம் தொழிலின் வழியே அறிந்திருந்தனர். அவ்வறிவைக் கேட்டுத் துறைமுகம் கட்டும் வழக்கந்தான் இருக்கவில்லை.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, பொருள்களும் பயணிகளும் மசுலாப் படகுகளிலேயே கரை சேர்ந்தனர். ஆணி அடிக்காது கயிற்றால் தைக்கப்பட்ட அப்படகுகளே அலைகளின் அடியைத் தாங்கி வளைந்து கொடுக்க வல்லன. கொம்பனியாட்சியின் வணிகம் முழுவதும் இப்படகோட்டிகளின் கைகளில் தங்கியிருந்ததென்பதைச் சென்னை நகர வரலாற்றை எழுதியோர் பலர் வியப்புக்குரிய செய்தியாகச் சொல்வர். உழைப்புறவு பற்றிய செய்தியாக எண்ணுவோர் சிலரே. 1861 இல் இரும்புத் தூண்கள்மீது ஓர் இறங்குதுறை கட்டி முடிக்கப்பட்டது. தூண்களிடையே நீரும் மணலும் தடையின்றிச் சென்றமையால் கரைக்கு அதனால் பெருந்தீங்கில்லை. ஆனால் சூறாவளிக் காலத்தில் கப்பல்களுக்கு அது புகலிடமாகவும் இல்லை.

ஏற்றுமதி மூலதனத்துக்கு வேண்டியது அமைதியான நீர்ப்பரப்பு. 1875 டிசெம்பரில், வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்புக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் ஒரே பயணத்தில் அடிக்கல் நாட்டினார். கொழும்பில் அலைதடுப்பு பாறைமுனை ஒன்றிலிருந்து புறப்பட்டது. சென்னையிலோ வில்லியம் பாக்ஸ் என்ற பொறியியலாளரின் திட்டப்படி, திறந்த மணற்கரையிலிருந்தே இரு கற்கரங்கள் கடலினுள் நீட்டப்பட்டன. 1881 நவம்பர்ச் சூறாவளி அவற்றின் பெரும்பகுதியைச் சிதைத்தது. மீளக் கட்டும் பணி அந்நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. சிதைவைப் பற்றியும் செலவைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த மாற்றம் சூறாவளியின் ஆரவாரமின்றி, அலைக்கு அலை நடந்துகொண்டிருந்தது.

வடக்கு நோக்கிச் சென்ற மணல் தென்கரத்தில் மோதி நின்றது. புனித ஜோர்ஜ் கோட்டையின் மதிலருகே அலை வந்து மோதிய காலம் ஒன்றிருந்தது. துறைமுகம் எழுந்தபின் கடல் அங்கிருந்து ஆண்டுக்காண்டு பின்வாங்கியது. 1884 இல் ஆளுநர் கிராண்ட் டஃப் கடலோரத்தில் உலாவிடம் ஒன்றை அமைத்து, அதற்கு ‘மெரினா’ எனப் பெயரிட்டார். இன்று மெரினாவின் அகன்ற மணற்பரப்பு நகரின் பெருமையாகவும், இயற்கையின் கொடையாகவும் பேசப்படுகின்றது. அதன் அகலத்தின் பெரும்பகுதி துறைமுகக் கரம் தடுத்துவைத்த மணலே.

தடுத்துவைக்கப்பட்ட மணல் யாருக்குரியது? வடக்கே இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் செல்லவேண்டியிருந்த மணல் அது. அங்கும் அலைகள் முன்போலவே வந்தன. முன்போலவே மணலை வடக்கே கொண்டு சென்றன. ஈடுசெய்யத் தெற்கிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. நூறாண்டு காலத்தில் நூற்றுக்கணக்கான மீற்றர் அகலமான நிலம் அழிந்தது. குப்பங்களும் தெருக்களும் கோயில்களும் சென்றன. கருங்கற்களைக் கொட்டிச் சுவரெழுப்பினர். சுவர் தனக்குப் பின்னாலுள்ள நிலத்தைக் காத்ததேயன்றி மணலை உண்டாக்கவில்லை. அரிப்பு சுவரின் வடமுனையைக் கடந்து எண்ணூர் நோக்கி நகர்ந்தது. மெரினாவின் வளர்ச்சியும் இராயபுரத்தின் தேய்வும் ஒரே கணக்கின் வரவும் செலவுமாகும். வரவை அழகென்றும் செலவைக் கடற்சீற்றமென்றும் எழுதுவது கணக்கெழுதுவோனின் வர்க்க நிலையைக் காட்டுகின்றது. வரவிலும் மீனவருக்குப் பங்கு எளிதிற் கிடைக்கவில்லை: 1985 இல் மெரினாவை அழகுபடுத்துவதன் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டபோது, அதனையொட்டி எழுந்த மோதலில் பொலிசாரின் துப்பாக்கிப் பிரயோகத்தால் மீனவர் உயிரிழந்தனர்.

இவை அறியாமையால் விளைந்தவை என்று கூறித் தப்புதல் ஓரளவுக்கே இயலும். கீழ்த்திசை நோக்கியிருந்த துறைமுக வாயில் மணலால் இடருற்றமையால், 1904 இல் பொறுப்பேற்ற சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் அது மூடப்பட்டு, வடகிழக்கே புது வாயில் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தருகே மணல் செல்லும் வகை பற்றி அவர் எழுதிய கட்டுரையை இலண்டன் குடிசார் பொறியியலாளர் நிறுவகம் 1913 அளவில் தனது ஏட்டில் வெளியிட்டது. 1933 இல் திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்தில், பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து அலைதடுப்பாக்கி, வரும் மணலைச் சேர்த்துத் தோண்டியெடுக்க ஒரு குழி அமைத்தனர். தடுத்த மணலை மறுபுறம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தடுத்தவனைச் சார்ந்தது என்ற பொறியியல் அறிவு அப்போதே கைவசமிருந்தது.

ஒலுவில் இப்பின்னணியிலேயே நோக்கப்படவேண்டியது. அம்பாறை மாவட்டத்தின் இக்கரையிலும் மணல் ஆண்டின் கணக்கில் வடக்கே செல்வது. டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் தொடங்கிய துறைமுக வேலை 2013 செப்டெம்பரில் திறப்பு விழாக் கண்டது. தெற்கே மணல் குவிந்தது; வடக்கே கரை அரிந்து தென்னந்தோட்டங்கள் கடலில் சரிந்தன. வணிகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக அது இயங்கவில்லை; வாயிலில் மணல் அடைத்துக்கொள்ள, மீன்பிடிப் படகுகளுக்கும் வழியில்லாமற் போயிற்று. பாறாங்கற்கள் இடப்பட்டன, அரிப்பு நிந்தவூர்ப் பக்கமாகத் தொடர்ந்தது. இராயபுரத்தில் நூறாண்டில் நடந்தது இங்கே சில ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது.

வேதனைக்குரிய விளைவு மற்றொன்றுமுண்டு. வாயிலைத் தோண்டித் தருமாறு மீனவர் கேட்டனர். தோண்டினால் கரை மேலும் போய்விடுமென வடபுறத்துக் குடியிருப்பாளர் அஞ்சினர். ஒரே பிரதேசத்தின், ஒரே மொழி பேசும் உழைப்பாளர் இரு தரப்பாக நின்றனர். தோண்டிய மணலை வடகரையில் ஆண்டுதோறும் இட்டிருந்தால் இரு கோரிக்கைகளும் ஒன்றாகவே இருந்திருக்கும். ஆனால் அது முடிவில்லாத செலவு. திறப்பு விழாவோடு முடிந்துபோகும் திட்டக் கணக்கில் அதற்குத் தலைப்பு இல்லை.

துறைமுகத்துக்கென எடுக்கப்படும் காணிக்கு 1950 ஆம் ஆண்டின் காணி கொள்ளற் சட்டத்தில் எடுப்பவர் உண்டு, அளவுண்டு, நட்டஈடு கோரும் வழியும் உண்டு. அதே துறைமுகத்தின் வடக்கே அலை கரைத்த தோட்டத்துக்கு அச்சட்டத்தின் கண்ணில் எடுத்தவர் எவருமில்லை. தோட்டக்காரர் முறைப்பாட்டோடு செல்லும்போது, தமது நிலத்தைக் கடல் கொண்டது என்றே எழுதவேண்டியவராகின்றனர்.