ஒரு நாள் முந்திக்கொண்ட அமாவாசை

வியாச பாரதத்தில், அர்ஜுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்த இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனின் கையால் மாண்டான். வடநாட்டுக் கதை அதோடு அவனை விட்டுவிட்டது. தமிழ்நாடு விடவில்லை.

9-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடியபோது, அவன் போருக்கு முன்பே களப்பலியாகும் அரவானாக மாறியிருந்தான். காணை, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்து, அந்தப் பலிக்கு நாள் குறித்தவன் யார் என்று கிளறியது.

குறித்தவன் சகாதேவன். கேட்டு வந்தவனோ துரியோதனன்! எதிரியே ஆனாலும் சோதிடம் பொய்க்கக் கூடாது என்பது சகாதேவனின் தர்மம். "அமாவாசை இரவு, 32 லட்சணமும் பொருந்திய அரவானைக் கொடுத்தால் வெற்றி" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். பெரியப்பா முறைக்காரன் வந்து உயிரைக் கேட்டதும் அரவானும் மறுக்கவில்லை. இரண்டு யோக்கியர்கள் சேர்ந்து பாண்டவர்களைக் கவிழ்த்தாயிற்று. அமாவாசைக்கு மிச்சமிருந்தது ஒரே நாள்.

சதுர்த்தசியன்றே கிருஷ்ணன் எள்ளும் தர்ப்பையுமாக ஆற்றங்கரையில் உட்கார்ந்து தர்ப்பணம் கொடுக்கத் தொடங்கினான். பார்த்தவர்களும் பின்னாலேயே உட்கார்ந்தார்கள். பதறிப்போன சூரியனும் சந்திரனும் ஒன்றாக இறங்கி வந்து, "நாளைக்குத்தானே அமாவாசை?" என்றார்கள்.

"அமாவாசை என்றால் என்ன?"

"நாங்கள் இருவரும் கூடும் நாள்."

"இப்போது கூடித்தானே நிற்கிறீர்கள்?"

துரியோதனன் மறுநாள் கணக்கில் இருந்தான். வாக்குக் கொடுத்த அமாவாசை வந்துவிட்டது, கேட்டவனைக் காணோம். அரவான் தன் உடலின் 32 இடங்களைத் தானே அரிந்து, பாண்டவர்களுக்காகக் காளிக்குப் படைத்தான். சாகுமுன் கல்யாணம் வேண்டும் என்று அவன் கேட்ட வரமும், அதற்காகக் கிருஷ்ணன் எடுத்த மோகினி வேடமும் கூவாகத்துக்குப் போய், சித்திரையில் திருநங்கையர் கட்டி அறுக்கும் தாலியாயின. முந்தி வந்த அந்த அமாவாசை எங்கே போனது?

காலண்டர் தாளுக்கு. சில மாதங்களில், சர்வ அமாவாசைக்கு முந்தின நாள் தாளில் பொடி எழுத்தில் 'போதாயன அமாவாசை' என்று இருக்கிறதே, அதுதான். போதாயன சூத்திரக்காரர்களின் திதிக் கணக்கு அது என்பார்கள் சாஸ்திரம் படித்தவர்கள். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் அது கிருஷ்ணன் செய்த தில்லுமுல்லு.